நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மற்ற நாட்டுக் கிறிஸ்மஸை எப்படிச் சொல்லித் தருவது?

கோவில்பட்டி டீச்சர் · நவம்பர் 9

வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் சின்னப் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். 31 பிள்ளைகள். ஏழு பேர் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள், மூன்று பேர் முஸ்லிம் வீட்டிலிருந்து வருகிறார்கள், மற்றவர்கள் இந்துக்கள்.

போன டிசம்பரில் 'உலக நாடுகளில் கிறிஸ்மஸ்' என்று பெரிய சார்ட் ஒட்டினேன். 12 நாடு, 12 கொடி, நாட்டுக்கு இரண்டு வரி. ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து வெட்டி ஒட்டியது. பொங்கல் லீவு முடிந்து வந்ததும் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். "ஜப்பான்ல சிக்கன் சாப்பிடுவாங்க டீச்சர்." அது ஒன்றுதான். ஏன் சாப்பிடுகிறார்கள் என்றால் யாருக்கும் தெரியவில்லை, நானும் சொல்லித் தந்திருக்கவில்லை. 1974-ல் ஒரு சிக்கன் நிறுவனம் செய்த விளம்பரத்தால் பரவிய பழக்கம் அது, அங்கே கிறிஸ்மஸ் அரசு விடுமுறைகூடக் கிடையாது என்பதையெல்லாம் பிறகுதான் படித்தேன்.

அதைவிட உறுத்துவது வேறு. சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன், "எத்தியோப்பியாவுக்கு ஜனவரி 7-ன்னு போட்டிருக்கீங்களே, தப்பா எழுதிட்டீங்களா?" என்று கேட்டான். "அங்கே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கொடிக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்கு ஒரு வகுப்பையே கொடுத்திருக்க வேண்டும்.

இந்த வருடம் நாலு வெள்ளிக்கிழமை, மத்தியானம் 40 நிமிடம் கிடைத்திருக்கிறது. எதை எடுக்கலாம், எப்படி எடுக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார், விருதுநகர் · நவம்பர் 9

டீச்சர், அந்தப் பையன் கேட்டதிலிருந்தே ஆரம்பியுங்கள். நாலு வகுப்புக்கு மூன்று நாடு போதும். மிச்ச ஒன்பதையும் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

தேதி விஷயத்தை நம் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது ரொம்ப எளிது. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் டிசம்பர் 25 என்று பெரிதாகவும், மார்கழி 9 அல்லது 10 என்று பக்கத்திலும் போட்டிருக்கும். ஒரே நாளுக்கு இரண்டு தேதி இருக்கலாம் என்பது அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். எத்தியோப்பியாவிலும் தனி நாட்காட்டி உண்டு. 30 நாள் வைத்து 12 மாதம், கடைசியில் ஐந்து அல்லது ஆறு நாளுக்கு ஒரு குட்டி மாதம், ஆக 13 மாதம். அங்கே கிறிஸ்மஸ் தாக்சாஸ் மாதம் 29-ம் தேதி. அது நம் காலண்டரில் பெரும்பாலும் ஜனவரி 7. நம்முடைய டிசம்பர் 25 அவர்களுக்குத் தாக்சாஸ் 16. அந்த ஊர்ப் பிள்ளை நம் சார்ட்டைப் பார்த்தால், "இவங்க ஏன் 16-ம் தேதியே கொண்டாடுறாங்க, தப்பா எழுதிட்டாங்களா?" என்றுதான் கேட்கும். இதை வகுப்பில் அப்படியே சொல்லுங்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளாக இருந்தால் கணக்கையும் சொல்லலாம். ஜூலியஸ் சீசர் காலத்து நாட்காட்டியில் வருடத்துக்கு 365 நாள், 6 மணி நேரம். உண்மையான வருடம் அதைவிட 11 நிமிடம் போலக் குறைவு. 11 நிமிடம் சேர்ந்து சேர்ந்து பத்து நாளாகிவிட்டது. 1582-ல் போப் 13-ம் கிரகோரி அதைச் சரிசெய்தபோது, அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. பழைய கணக்கை விடாத சபைகளுக்கு இப்போது 13 நாள் வித்தியாசம். ரஷ்யாவிலும் செர்பியாவிலும் ஜனவரி 7-ல் கிறிஸ்மஸ் வருவது இதனால்தான். 2101-ல் அது ஜனவரி 8 ஆகிவிடும்.

பெத்லகேமிலேயே மூன்று முறை கிறிஸ்மஸ் நடக்கிறது. டிசம்பர் 25-ல் கத்தோலிக்கர், ஜனவரி 7-ல் கிரேக்க ஆர்த்தடாக்ஸ், ஜனவரி 19-ல் ஆர்மீனியர். இயேசு பிறந்ததாகச் சொல்லும் ஊரிலேயே மூன்று தேதி இருக்கும்போது எதைத் தப்பு என்பது?

நாசரேத்காரி · நவம்பர் 10

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். டீச்சரிடம் ஒன்று சொல்ல வேண்டும். நட்சத்திரம், கேக், தாத்தா எல்லாம் சொல்லித் தருகிறார்கள், எதற்காக இந்தப் பண்டிகை என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். என் மகன் படித்த பள்ளியில் டிசம்பர் கொண்டாட்டம் நடந்தது. பஞ்சை ஒட்டிப் பனி செய்தார்கள், சிவப்புத் தொப்பி போட்டு ஆட வைத்தார்கள். முழுசாக ஒரு மணி நேரம். ஒரு குழந்தை பிறந்த கதை அதில் ஒரு வரிகூட வரவில்லை. எனக்கு நெஞ்சு கனத்துப் போயிற்று.

இன்னொன்று, நம் ஊர்க் கிறிஸ்மஸை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போகாதீர்கள். கீத பவனி வந்து விடியும்வரை வீடு வீடாகப் பாடிவிட்டுப் போவது, அச்சுமுறுக்குச் சுடுவது, அடுத்த தெருவுக்குத் தட்டில் பலகாரம் கொடுத்தனுப்புவது, குடிலுக்குக் களிமண்ணில் ஆடு செய்வது, இவையும் ஒரு பண்பாட்டுக் கிறிஸ்மஸ்தானே. உங்கள் வகுப்பில் ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பேசச் சொல்லுங்கள்.

ஒரு அப்பா · நவம்பர் 10

மேலே சகோதரி சொல்வது புரிகிறது. ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். என் மகள் போன வருடம் பள்ளியிலிருந்து வந்து, "இயேசு நமக்காகப் பிறந்தார்" என்று பாடப்புத்தகத்தை ஒப்பிப்பது போலச் சொன்னாள். நாங்கள் தினமும் வீட்டில் விளக்கேற்றும் குடும்பம். மற்ற மதத்தை மதிக்கத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளை எது தன் வீட்டுப் பழக்கம், எது அடுத்தவருடையது என்று குழம்பி நின்றபோது சங்கடமாக இருந்தது. இதைத் தகராறாக்க எனக்கு விருப்பமில்லை. எப்படிச் சொல்லித் தருவது என்பதுதான் என் கேள்வியும்.

கோவில்பட்டி டீச்சர் · நவம்பர் 10

சார், நீங்கள் கேட்டது நியாயம். அக்கா சொன்னதும் நியாயம். ராத்திரி முழுக்க யோசித்தேன். எனக்குப் பட்டது இது. பிறப்பின் கதையை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஆனால் "கிறிஸ்தவர்கள் இப்படி நம்புகிறார்கள்" என்று 'அவர்கள்' போட்டுச் சொல்ல வேண்டும். வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளை எழுந்து பேசும்போது 'நாங்கள்' என்று சொல்லும். "நாங்க ராத்திரி 12 மணி ஆராதனைக்குப் போவோம்." அது அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வரட்டும். நான் மட்டும் 'நாம்' என்று சொல்லவே கூடாது. தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு சொல் இருப்பது இப்படி ஒரு இடத்தில் எவ்வளவு உதவுகிறது! உங்கள் மகள் விஷயத்தில் நடந்தது இந்த 'நமக்காக' வந்த கோளாறுதான் என்று நினைக்கிறேன்.

ஜெபம் செய்ய வைப்பது, வேஷம் கட்டாயமாகப் போட வைப்பது, இரண்டும் கிடையாது.

ஒரு அப்பா · நவம்பர் 10

சரி டீச்சர். இது எனக்குச் சம்மதம்.

கப்பல்காரன் · நவம்பர் 12

தூத்துக்குடிக்காரன், கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை. 14 வருடமாகப் பிலிப்பைன்ஸ் ஆட்களோடுதான் சாப்பாடும் தூக்கமும். கிறிஸ்மஸ் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த நாட்டை விட்டுவிடாதீர்கள்.

அவர்களுக்கு செப்டம்பர் பிறந்தாலே கிறிஸ்மஸ் காலம். மெஸ் ரூமில் பாட்டுப் போட்டுவிடுவார்கள். உண்மையான பரபரப்பு டிசம்பர் 16-ல் தொடங்குகிறது. அன்றிலிருந்து 24 வரை ஒன்பது நாள், விடியுமுன் கோவிலில் பூசை. 'சிம்பாங் காபி' என்று பெயர். வயலுக்குப் போகிறவர்கள் வேலைக்கு முன்னால் பூசை காண்பதற்காக இருட்டிலேயே வைத்தார்கள் என்று சொல்வார்கள். டிசம்பர் 16 என்றால் நமக்கு மார்கழி பிறக்கிற நேரம். நம் ஊரிலும் அதே குளிரில் அதே இருட்டில் திருப்பாவை ஒலிக்கும். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் மார்கழி விடியலில் பாட்டியோடு எழுந்து போன பிள்ளைக்கு அந்த நாட்டுப் பிள்ளையின் தூக்கக் கலக்கம் சொல்லாமலே விளங்கும்.

பூசை முடிந்து வெளியே வந்தால் கோவில் வாசலில் பலகாரக் கடை. 'புட்டோ பும்போங்' என்று ஒன்று, மூங்கில் குழாயில் ஊதா நிற அரிசி மாவை அடைத்து ஆவியில் வேக வைத்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுக் கொடுப்பார்கள். குழாய்ப் புட்டேதான்! 'பிபிங்கா' என்று இன்னொன்று. வாழை இலை விரித்த மண்சட்டியில் அரிசி மாவை ஊற்றி, கீழேயும் மேலேயும் கங்கு வைத்துச் சுடுவது. என்னோடு வேலை பார்த்த ஒருவர், நடுக்கடலில் இருந்தபோது இதைச் சொல்லிச் சொல்லி அழுதே விட்டார். வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

'பரோல்' என்பது அவர்கள் ஊர் நட்சத்திர விளக்கு. ஸ்பானிய மொழியில் விளக்குக்கு இருக்கும் 'ஃபரோல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பம்பாங்கா மாகாணத்துச் சான் ஃபெர்னாண்டோ ஊரில் இதை வீட்டு உயரத்துக்குச் செய்து போட்டி வைப்பார்கள். கப்பலில் மூங்கில் கிடைக்காது. வெல்டிங் கம்பியை வளைத்து, சாக்லேட் தாளை ஒட்டி அழகாகச் செய்து மாட்டினார்கள். பிள்ளைகளை வைத்துச் செய்ய இதைவிட நல்ல கைவேலை எனக்குத் தெரியாது.

கணக்கு வாத்தியார், விருதுநகர் · நவம்பர் 12

நட்சத்திரம் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெர்மனியில் 'ஹெர்ன்ஹூட் நட்சத்திரம்' என்று ஒன்று இருக்கிறது. 1830-களில் நீஸ்கி என்ற ஊரில் மொராவியச் சபையின் ஆண்கள் பள்ளியில் வடிவியல் பாடமாகத்தான் அது பிறந்தது. 18 சதுரம், 8 முக்கோணம், ஆக 26 முகம் உள்ள வடிவம். ஒரு சதுரத்தைத் தொங்கவிடுவதற்காக விட்டுவிட்டு மற்ற 25-லும் கூம்பு ஒட்டினால் 25 முனை நட்சத்திரம். ஒரு கணக்குப் பீரியடில் பிறந்த பொருள் இன்று உலகம் முழுக்கத் தொங்குகிறது. நாலாம் வகுப்புக்கு அதிகம்தான். ஆறாம் வகுப்பு டீச்சர் யாராவது படித்தால் கட்டாயம் முயன்று பாருங்கள்.

யாழ்ப்பாணத்து அம்மா, ஸ்கார்பரோ · நவம்பர் 13

நாங்கள் கிறிஸ்மஸை நத்தார் என்றுதான் சொல்லி வளர்ந்தனாங்கள். கனடாவில் பிறந்த என் பிள்ளைக்கு அந்தச் சொல்லே புதினம். "அதென்ன அம்மா, நத்தார்?" என்று கேட்டவள். போர்த்துக்கேய மொழியில் 'நத்தால்' என்றால் பிறப்பு. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்துக்கு வந்து போய் நானூறு வருசம் ஆகப் போகுது, சொல் மட்டும் எங்கள் வீட்டில் இருக்குது. அன்றைக்கு அவளும் நானும் மேசையில் இருந்து மற்ற மொழிகளில் என்ன சொல்கிறார்கள் என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். வங்காளத்தில் 'பொரோ தின்', பெரிய நாள். ஜெர்மன்காரருக்கு 'வைநாக்டன்', புனித இரவுகள். போலந்தில் 'போஷே நரோட்ஸெனியே', கடவுளின் பிறப்பு. பிலிப்பைன்ஸில் 'பாஸ்கோ', அது ஸ்பானியரின் 'பாஸ்குவா'விலிருந்து வந்தது. ஸ்வீடனில் 'யூல்', அது அங்கே கிறிஸ்தவம் போக முன்னமே இருந்த குளிர்காலப் பண்டிகையின் பெயர்.

தங்கச்சி, ஒரு சொல்லைப் பிடித்தால் யார் எங்கே போனார்கள், யாரை யார் ஆண்டார்கள் என்பதெல்லாம் பின்னால் வரும். ஒரு பீரியட் இதற்குக் கொடுங்கோ.

எங்கட நத்தார் கேக்கையும் சொல்ல வேணும். மாவுக்குப் பதிலாக ரவை, நிறைய முந்திரி, சர்க்கரைப் பாகில் ஊறிய நீற்றுப்பூசணி, ரோஸ் எசென்ஸ். சின்னத் துண்டாய் வெட்டி, தாளில் சுற்றி, அயலட்டைக்குக் கொடுப்பது. சைவ வீடுகளுக்கும் போகும். பொங்கலுக்கு அவையள் வீட்டிலிருந்து எங்களுக்குப் பொங்கல் வரும்.

உட்ரெக்ட் அப்பா · நவம்பர் 15

நெதர்லாந்தில் இருக்கிறேன். இங்கே பிள்ளைகளின் பெரிய நாள் டிசம்பர் 25 இல்லை, டிசம்பர் 5 சாயங்காலம். பரிசு கொண்டுவரும் தாத்தா சிண்டர்கிளாஸ் நவம்பர் நடுவில் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வருவதாகக் கதை. பிள்ளைகள் செருப்பை வாசல் பக்கம் வைத்து, அவர் குதிரைக்கு ஒரு காரட்டும் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். சான்டா கிளாஸ் என்ற பெயரே இவரிடமிருந்து அமெரிக்காவுக்குப் போனதுதான். மூலம், இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா ஊரின் பிஷப் நிக்கோலாஸ். நாலாம் நூற்றாண்டு.

ஆனால் எனக்கு வலித்த பக்கமும் உண்டு. சிண்டர்கிளாஸின் உதவியாளன் 'கறுப்புப் பீட்'. முகத்தில் கருமை பூசி, உதட்டைச் சிவப்பாக்கி, சுருட்டை முடி வைத்துக்கொண்டு வருவார்கள். 1850-ல் ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதிய படப் புத்தகத்திலிருந்து இந்த வேலைக்காரன் உருவம் பரவியது. நெதர்லாந்து தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது 1863-ல்தான். என் மகனை வகுப்பில் ஒரு பிள்ளை, "நீ பீட் மாதிரி இருக்கே" என்றது. அந்தப் பிள்ளை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் மகன் அன்று ராத்திரி முகத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கறுப்பினத்தவர்கள் பல வருடம் போராடியதால் 2019-லிருந்து தேசிய ஊர்வலத்தில் முழுக் கறுப்பு முகம் இல்லை, புகைபோக்கிக் கரி ஒட்டியது போல லேசான கோடுகள் மட்டும்தான்.

மற்ற நாட்டு வழக்கங்களைச் சொல்லும்போது இனிப்பை மட்டும் பொறுக்கிச் சொல்ல வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

நாசரேத்காரி · நவம்பர் 15

உங்கள் மகனை நினைத்தால் மனசு தாங்கவில்லை. ஆனாலும் ஒன்பது வயசுப் பிள்ளைகளுக்கு டிசம்பர் மாதம் பார்த்து இதைச் சொல்ல வேண்டுமா? சந்தோஷமாக இருக்கட்டுமே.

உட்ரெக்ட் அப்பா · நவம்பர் 16

அக்கா, அவனுக்கு அது நடந்தபோது வயது ஏழு. சொல்லாமல் விட்டது அவனைக் காப்பாற்றவில்லை. நம் ஊரிலும் நிறத்தை வைத்துப் பெயர் சூட்டாத வகுப்பு எது? "ஒரு வழக்கம் ஒருவரைப் புண்படுத்தினால் அதை மாற்றலாம், அவர்கள் மாற்றினார்கள், பண்டிகை நின்றுபோகவில்லை" என்று மூன்று வாக்கியம் சொன்னால் போதும்.

பெயர் வேண்டாம் · நவம்பர் 17

எங்கள் சபையில் கிறிஸ்மஸ் கொண்டாட மாட்டோம். பெந்தெகொஸ்தே சபைகளில் சிலவற்றில் அப்படித்தான். பைபிளில் தேதி இல்லை என்பதால். என் பெண்ணிடம், "நீ கிறிஸ்டியன்தானே, ஏன் ஸ்டார் கட்டல?" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் கேட்டதில் அவள் இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. உங்கள் ஏழு பிள்ளைகளில் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். இது புதுசும் இல்லை. இங்கிலாந்தில் 1647-ல் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டே கிறிஸ்மஸைத் தடை செய்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659-லிருந்து 1681 வரை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். கொண்டாடாததற்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்று தெரிந்தால் என் பெண் மாதிரிப் பிள்ளை தலை குனிய வேண்டியிருக்காது.

கோவில்பட்டி டீச்சர் · நவம்பர் 17

அக்கா, நல்லவேளை சொன்னீர்கள். ஏழு வீட்டிலும் முன்கூட்டியே பேசிவிடுகிறேன். எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லி எழுப்ப மாட்டேன், சொல்ல விரும்பும் பிள்ளை சொல்லட்டும்.

திண்டுக்கல் நாடகக்காரர் · நவம்பர் 18

மெக்சிகோவை எடுத்தால் நடிக்க வைக்கலாம். 'போசாதாஸ்' என்றால் சத்திரங்கள். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவு, மரியாளும் யோசேப்பும் தங்க இடம் தேடியது போல ஊர்வலமாக வீடு வீடாகப் போய்ப் பாட்டிலேயே இடம் கேட்பார்கள். உள்ளே இருப்பவர்கள் பாட்டிலேயே இல்லை என்பார்கள். கடைசி வீட்டில் கதவு திறக்கும். வகுப்பில் பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே நின்றால் போதும், துணிமணி எதுவும் வேண்டாம். நான் செய்து பார்த்திருக்கிறேன். ஐந்தாவது முறை 'இடமில்லை' கேட்டதும் வெளியே நின்ற பிள்ளைகள் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. அதன் பிறகு பினியாட்டா. ஏழு முனை வைத்து அலங்கரித்த மண்பானையைக் கண்ணைக் கட்டிக்கொண்டு அடிப்பது. உறியடி தெரிந்த பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம்.

கிராக்கோவ் மாணவி · நவம்பர் 18

போலந்தில் டிசம்பர் 24 சாயங்காலம் முதல் நட்சத்திரம் தெரிகிறதா என்று பிள்ளைகள்தான் ஜன்னலில் நின்று பார்க்க வேண்டும். தெரிந்த பிறகுதான் சாப்பாடு. மேசையில் ஒரு தட்டு கூடுதலாக இருக்கும், எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கு. போன வருடம் அந்தத் தட்டில் சாப்பிட்டது நான்.

கோவில்பட்டி டீச்சர் · நவம்பர் 28

முதல் வகுப்பு இன்று முடிந்தது. எத்தியோப்பியாவை எடுத்தேன். எல்லாரும் வீட்டிலிருந்து கிழித்த காலண்டர் தாளைக் கொண்டுவந்தார்கள். வாத்தியார் சொன்ன தாக்சாஸ் 16 கணக்கைச் சொன்னதும், போன வருடம் கேள்வி கேட்டவனின் தங்கை இப்போது என் வகுப்பில் இருக்கிறாள், "அப்ப அண்ணன் கேட்டது சரிதான், நீங்க எழுதினதும் சரிதான்" என்றாள்.

ஜனவரி 7-க்கு முன் 43 நாள் அங்கே விரதம், கறி, முட்டை, பால் எதுவும் தொட மாட்டார்கள் என்றேன். வகுப்பில் கறுப்பு வேட்டியோடு வரும் பையன் எழுந்து, "எங்க அப்பாவும் நானும் மாலை போட்டிருக்கோம் டீச்சர், 41 நாள்" என்றான். எத்தியோப்பியப் பிள்ளைகளுக்கு விரதம் தொடங்கி இன்றைக்கு நாலு நாள்தான் ஆகிறது, இவனுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று தெரிந்ததும் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

இஞ்சேரா பற்றிச் சொன்னேன். டெஃப் தானிய மாவைப் புளிக்க வைத்து, கல்லில் ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு எடுப்பது, மேலெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கும். "ஆப்பம்!" என்று கத்தினார்கள். ஒரே தட்டில் எல்லாரும் சாப்பிடுவார்கள், ஒருவருக்கொருவர் ஊட்டிவிடுவதற்குக் 'குர்ஷா' என்று பெயர் என்றேன். மறுபடி மறுபடி அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார்கள்.

அங்கே லாலிபெலா என்ற ஊரில் இருக்கும் 11 கோவில்களையும் படத்தில் காட்டினேன். பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்தவை. கிறிஸ்மஸ் காலையில் வெள்ளை உடுத்திய குருமார் குழியின் விளிம்பில் ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை நின்று மாறி மாறிப் பாடுவார்கள். கழுகுமலை வெட்டுவான் கோவிலும் மேலிருந்து கீழாக வெட்டியதுதான். போன மாதம் சுற்றுலா போய்வந்ததால் அதைத்தான் முதலில் சொன்னார்கள்.

கடைசியாக, அங்கே கிறிஸ்மஸ் அன்று கம்பும் பந்தும் வைத்து ஒரு விளையாட்டு உண்டு, பண்டிகைக்கும் விளையாட்டுக்கும் ஒரே பெயர்தான், 'கென்னா', இயேசு பிறந்ததைக் கேட்ட மேய்ப்பர்கள் சந்தோஷத்தில் தங்கள் கோலாலேயே ஆடினார்கள் என்று அவர்கள் சொல்வார்கள் என்றேன். கோவில்பட்டிப் பிள்ளைகளிடம் ஹாக்கி என்று சொன்ன பிறகு வகுப்பு நடத்த முடியுமா? மீதி 15 நிமிடம் மைதானத்தில்தான்.

அடுத்த வெள்ளி பிலிப்பைன்ஸ், அதற்கடுத்து அம்மா சொன்ன சொற்கள், கடைசி வாரம் நம் ஊரும் போசாதாஸ் நடிப்பும். கொண்டாடாதவர்கள் பற்றியும், சிண்டர்கிளாஸின் கப்பல் பற்றியும், அந்த மூன்று வாக்கியமும் மூன்றாவது வாரத்தில் வருகின்றன. அப்பாவாக எழுதிய சார், நாலாவது வாரத்துக்கு முடிந்தால் நேரில் வாருங்கள்.

கப்பல்கார அண்ணன், பரோலுக்கு எத்தனை குச்சி வேண்டும்? மூங்கில்தான் வேண்டுமா?

கப்பல்காரன் · நவம்பர் 28

நீளக் குச்சி 10, விரல் நீளக் குச்சி 5. ஐந்து ஐந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஐந்து முனையையும் கட்டிவிடுங்கள். நடுவில் குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடத்திலும் குட்டைக் குச்சியை நிறுத்தினால் வயிறு உப்பிக்கொள்ளும். தென்னை ஈர்க்கு வளையும், வேண்டாம். மூங்கில் கிடைக்காவிட்டால் பழைய தட்டிக் கூடையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்ட நூல் போதும். தாளை ஒட்ட மைதாப் பசை காய்ச்சுங்கள், கடைப் பசை வெயிலில் விட்டுவிடும்.

ஒரு அப்பா · நவம்பர் 29

என் மாமனார் கூடை முடைபவர். 31 பிள்ளைக்கும் குச்சி சீவித் தரச் சொல்கிறேன் டீச்சர். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள்.